பச்சிலைச் சாறும் எலுமிச்சம்பழமும்

பங்குனி பிறந்துவிட்டால் சித்தூர்ச் சீமையில் வெயிலின் ஆட்சி தொடங்கிவிடுகின்றது. சித்திரை, வைகாசி மாதங்களில் திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது நாம் ஆண்டுதோறும் காணும் செய்தி. மலைப் பாறைகள் பகலெல்லாம் உண்ட வெயிலை இரவெல்லாம் உமிழ்கின்றன. பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இங்கு வந்து குடியேறிய நமக்கு, முதல் இரண்டு மூன்று கோடைகள் ஒரு சோதனையே. புகைவண்டி நிலையத்தின் தகரக் கூரையின் கீழும், தண்டவாளத்தின் ஓரத்திலும், பட்டறையிலும் வேலை செய்வோர்க்கு அச்சோதனை பின்னும் கடுமையானது.

இவ்வெயிலில் நா வறண்டு வீடு திரும்பும் ஒருவருக்கு நாம் கொடுப்பது என்ன? பெரும்பாலான இல்லங்களில் ஒரு குவளைத் தேநீர். குழந்தைகள் கேட்பதோ கடையிலே தொங்கும் வண்ணப் புட்டி. இவ்விரண்டுக்கும் மாற்றாக, வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் ஆக்கத்தக்க ஒரு பானத்தைப் பற்றி இக்கட்டுரையில் எழுத எண்ணினோம். கொத்துமல்லி, புதினா, கறிவேப்பிலை ஆகிய பச்சிலைகளை அரைத்து வடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பருகும் சாறே அது. அதன் சுவையை மட்டும் சொல்லி நிறுத்துவது நம் நோக்கமன்று. அதனை எவ்வேளையில், எதற்குப் பதிலாகப் பருகுகிறோம் என்பதில் நம் வீட்டுப் பெண்களின் உடல்நலமே அடங்கியிருக்கின்றது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

நமக்குப் புதியதன்று

பச்சிலைச் சாறு என்றவுடன், இது மேல்நாட்டிலிருந்து வந்த புது நாகரிகம் என்று முகம் சுளிப்பாரும் உளர். சர்வரோக நிவாரணி என்று தலைமேல் வைத்துக் கொண்டாடுவாரும் உளர். இரண்டும் மிகை. நம் பாட்டிமார் நீர்மோரில் நாரத்தை இலையையோ எலுமிச்சை இலையையோ கசக்கிப் போட்டு, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிச் சேர்த்தது எதற்காக? வேப்பிலைக்கட்டி என்று பெயர் வைத்து, வேப்பிலையே சேர்க்காமல், நாரத்தை எலுமிச்சை இலைகளை இடித்து உருட்டி வைத்தது எதற்காக? பச்சிலையின் மணமும் புளிப்பும் கூடினால் வெயிலில் மங்கிய பசி எழும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இராமநவமிக்குப் பானகம் கரைப்பதும் இவ்வழியில் வந்ததே.

தெலுங்கு மக்களும் இதில் நமக்கு இளைத்தவர் அல்லர். நன்னாரி வேரை ஊறவைத்துக் காய்ச்சிய பாகில் எலுமிச்சை பிழிந்து தரும் சர்பத்து இராயலசீமைத் தெருக்களின் தனிச்சிறப்பு. அலிபிரியிலிருந்து 3,500க்கும் மேற்பட்ட படிகளேறித் திருமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் வழியில் நாடுவதும் மோரும் எலுமிச்சை நீருமே அன்றோ? சித்தூர் மாவட்டம் 1911இல் அமைவதற்கு முன் அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இங்குமங்கும் நகர்ந்தாலும் அடுப்பங்கரைகளின் உறவு அறுபடவில்லை.

எலுமிச்சை விளையும் சீமை

எலுமிச்சைக்கு நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் புளியங்குடிச் சந்தை எவ்வாறு பெயர் பெற்றதோ, அவ்வாறே ஆந்திரத்தில் கூடூர்ச் சந்தை பெயர் பெற்றது. சென்னையிலிருந்து விசயவாடா செல்லும் பாதையில், ரேணிகுண்டாவுக்குக் கிளை பிரியும் அந்தச் சந்திப்பை நம்மவர் பலரும் அறிவர். அங்கிருந்து எலுமிச்சை வடநாட்டு நகரங்கள் வரை செல்லுகின்றது. திருப்பதியிலேயே எலுமிச்சை இனப் பழங்களுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் உளது. காய்களிலும் இலைகளிலும் சொறி போலப் படரும் நோயை ஓரளவு தாங்கி நிற்கும் 'பாலாஜி' என்னும் எலுமிச்சை வகை, ஆந்திர ஆராய்ச்சியாளர்கள் தெரிந்தெடுத்து உழவர்க்கு அளித்ததாகும். சித்தூரின் வெல்லச் சந்தையும் நாடறிந்தது. ஆகவே நம் பானத்துக்கு வேண்டும் புளிப்பும் இனிப்பும் வீட்டு வாயிலிலேயே இருக்கின்றன.

புதிதாக வந்த சகோதரிகளுக்குச் சந்தையில் கேட்கும் சொற்களையும் இங்கே தருதல் நலம். எலுமிச்சை நிம்மகாய, கொத்துமல்லி கொத்திமீர, கறிவேப்பிலை கரிவேபாகு, இஞ்சி அல்லம், வெல்லம் பெல்லம். புதினாவுக்கு இரு மொழியிலும் ஒரே பெயர். வெள்ளரிக்காய் வாங்கும்போது மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். தோசகாய என்று வாளா கேட்டால், பருப்பில் இட்டுச் சமைக்கும் மஞ்சள் நிற உருண்டைக் காயை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கீரா தோசகாய என்று கேட்டால் நாம் விரும்பும் பச்சை வெள்ளரி கிடைக்கும்.

செய்யும் முறை

நான்கு பேருக்கு வேண்டிய அளவு இது. கொத்துமல்லி இளந்தண்டோடு இரண்டு கைப்பிடி; புதினா இலை அரைக் கைப்பிடி; கறிவேப்பிலை பத்து இலை; தோல் சீவிய இஞ்சி அரை அங்குலம்; நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்று; சாறுள்ள எலுமிச்சம்பழம் மூன்று; உப்பு கால் தேக்கரண்டி; காய்ச்சி ஆறிய நீர் முக்கால் லிட்டர். இனிப்பு வேண்டுவோர் பொடித்த வெல்லம் நான்கு தேக்கரண்டி சேர்க்கலாம். நெல்லிக்காய் கிடைக்கும் காலமாயின் பெரிய நெல்லிக்காய் ஒன்றைக் கொட்டை நீக்கி நறுக்கிக்கொள்க. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் இலைகளை ஆய்ந்து, வேரும் அழுகலும் நீக்கி, அகன்ற பாத்திரத்து நீரில் அலசுக. அழுக்கு நீரை ஊற்றிவிட்டு மறுமுறையும் மூன்றாம் முறையும் அலசுக. உப்புக் கரைத்த நீரில் சிறிது நேரம் இட்டுவைத்தால் ஒட்டியிருக்கும் பூச்சிகள் வெளிவரும். பின்னர் நல்ல நீரில் மீண்டும் கழுவுதல் வேண்டும். இவ்விலைகளை நாம் வேகவைக்கப் போவதில்லை. பச்சையாகவே பருகப் போகிறோம். சாக்கடை ஓரத்துத் தோட்டங்களிலிருந்தும் கீரை சந்தைக்கு வருவதுண்டு என்பதை மறவாதிருப்போமாக. கழுவுவதில் சோம்பல் காட்டினால், குளிர்ச்சிக்காகப் பருகியது வயிற்றுப்போக்கில் கொண்டு விடும்.

வெள்ளரியின் நுனியைச் சீவிச் சுவைத்துப் பார்த்து, கசப்பின்றேல் துண்டுகளாக்குக. இலைகள், இஞ்சி, வெள்ளரி, நெல்லி இவற்றை ஒரு குவளை நீர் விட்டு மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு அரைத்தால் போதும். நெடுநேரம் ஓடவிட்டால் சாறு சூடேறி மணம் கெடும். மின்சாரம் இல்லாத வேளையில் அம்மி இருக்கவே இருக்கின்றது. அதில் அரைத்த விழுதுக்கு மணம் ஒரு படி மிகுதி என்றே சொல்லலாம். மீதி நீரைச் சேர்த்துக் கலக்கி, தூய மெல்லிய துணியில் வடிகட்டுக. முழுக்கத் திப்பி நீங்கும்படி வடிக்க வேண்டுவதில்லை. கண் அகன்ற வடிகட்டியில் வடித்துச் சற்றுத் திப்பியோடு பருகுவதே நலம். எஞ்சிய திப்பியையும் எறிந்துவிடாதீர்கள். தோசை மாவிலோ சப்பாத்தி மாவிலோ பிசைந்தால் அன்றைய சிற்றுண்டி பச்சை வண்ணம் பெறும், துவையலிலும் சேரும்.

உப்பும் வெல்லமும் கரைந்தபின், எல்லாவற்றுக்கும் இறுதியாக எலுமிச்சை பிழிதல் வேண்டும். பழத்தைப் பலகைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு எளிதில் வரும். விதைகளை நீக்கிவிட்டு மென்மையாகப் பிழிக. கடைசிச் சொட்டுக்காகத் தோலை முறுக்கிப் பிழிவது சிக்கனம் போலத் தோன்றினும் அது சுவைக்குப் பகை.

முறைக்குக் காரணம்

எலுமிச்சையை இறுதியில் பிழிவானேன் என்று சிலர் கேட்கலாம். இலைக்குப் பச்சை வண்ணம் தரும் பொருளின் நடுவே மெக்னீசியம் என்னும் உலோகம் அமைந்திருக்கின்றது. புளிப்புப் பட்டவுடன் அது மெல்ல மெல்ல விலகிவிட, பச்சை மங்கிப் பழுப்பாகின்றது. கீரையில் புளி விட்டுக் கடைந்தால் நிறம் மாறுவதைக் காணாத தாய்மார் உண்டோ? அதே செயல்தான் இங்கும் நிகழ்கின்றது. பிழிந்தவுடன் பருகினால் கண்ணுக்கும் குளிர்ச்சி. ஒரு மணி நேரம் வைத்தால் குட்டைநீர் போலாகும்.

கசப்புக்கும் காரணம் உண்டு. எலுமிச்சை இனப் பழங்களின் விதையிலும் வெள்ளைத் தோலிலும் உள்ள ஒரு பொருள், முதலில் கசப்பதில்லை. சாற்றின் புளிப்போடு கலந்து சிறிது நேரம் சென்றபின் அது கசப்புப் பொருளாக மாறுகின்றது. காலையில் பிழிந்து வைத்த சாறு நண்பகலில் கசப்பதன் மர்மம் இதுவே. ஆகவே, அலுவலகத்துக்குக் கொண்டு செல்ல விரும்புவோர் பச்சிலைச் சாற்றைத் தனியே புட்டியில் எடுத்துச் சென்று, பழத்தை அங்கே பிழிந்துகொள்வது அறிவுடைமை. அதுவும் குளிர்பதனப் பெட்டி இல்லாத இடமாயின், கோடையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருத்தல் தகாது.

பாத்திரமும் கவனத்துக்குரியது. ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை எலுமிச்சையின் புளிப்பு அரிக்கும். செம்பு பட்டால் வைட்டமின் 'சி' விரைந்து அழியவும் செய்யும். எவர்சில்வர், கண்ணாடி, மண்கலம் ஆகியவையே ஏற்றன. குளிர்ச்சி வேண்டுமாயின் வீட்டு நீரில் உறையவைத்த பனிக்கட்டியை இடுக. பொருள்களைக் குளிர்விப்பதற்கென விற்கும் பாளத்தை உடைத்துப் போடுதல் கூடாது. மண்பானை நீரின் குளிர்ச்சியே போதுமென்போம்.

எலுமிச்சை பற்றிய ஒரு பழங்கதை

வைட்டமின் 'சி' என்றவுடன் கடலோடிகளின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசிந்து வாடிய பன்னிரு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே மிக விரைவில் எழுந்து நடமாடினர். ஆயினும் ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோர்க்கும் வழங்க 1795 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடற்கரைப் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிற்றெலுமிச்சைச் சாற்றைப் புட்டியில் அடைத்துக் கொடுக்கலாயினர். 1875இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட பயணக் குழுவிடம் அச்சாறு இருந்தும், நோய் மீண்டும் தலைகாட்டியது. சிற்றெலுமிச்சையில் அச்சத்து குறைவு. செப்புக் குழாயில் ஓடி, காற்றுப் பட்டு, நெடுநாள் கிடந்த சாற்றில் அதனினும் குறைவு. அச்சத்தைப் பிரித்தறிந்து ஆராய்ந்த ஆல்பெர்ட் செண்ட்-ஜியார்ஜிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கதை நமக்குக் கற்பிப்பவை இரண்டு. ஒன்று, சாறு புதியதாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, நாம் பிழிவதும் அந்தச் சிற்றெலுமிச்சையின் இனமே. ஒரு குவளையில் விழும் அதன் சாறு சுவைக்குப் போதுமாயினும், வைட்டமின் 'சி'க்கு அதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது. அதனால்தான் நெல்லிக்காயைச் சேர்க்கச் சொன்னோம். எலுமிச்சையைக் காட்டிலும் நெல்லியில் அச்சத்து பன்மடங்கு மிகுதி. நெல்லி கிடைக்காத கோடையில், சாற்றோடு ஒரு கொய்யாத் துண்டு உண்டாலும் பயன் உண்டு. சித்தூர்ச் சீமையில் மலிந்து கிடக்கும் பச்சை மாங்காயும் உதவும்.

எப்போது பருகுவது?

இனி நாம் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருவோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர். இந்த எண்ணைப் படித்துவிட்டு நம் குடியிருப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள் ஒரு சகோதரி. தலை சுற்றுகிறது, கோடை வெப்பம் என்று நினைத்தேன் என்கிறாள் மற்றொருத்தி. வெப்பம் என்று எண்ணி விட்டுவிடும் களைப்பில் எத்தனை பங்கு இரத்தக் குறைவோ, யார் கண்டார்?

எல்லோர்க்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை உண்பவள் நம் இல்லத்தரசி. உண்டவுடன் களைப்புத் தீர ஒரு குவளைத் தேநீர் அருந்துபவளும் அவளே. இங்கேதான் தீங்கு நுழைகின்றது. சோறு, கேழ்வரகு, கீரை, பருப்பு இவற்றில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது இயல்பாகவே அரிது. தேநீரின் துவர்ப்புப் பொருள் அந்த இரும்போடு பிணைந்து, கரையாத பண்டமாக்கி, உடலில் சேரவொட்டாமல் தடுத்துவிடுகின்றது. 1975இல் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் ரொட்டியோடும், சோறும் உருளைக்கிழங்கு வெங்காயக் குழம்பும் கொண்ட உணவோடும் தேநீர் கொடுத்துச் சோதித்து, இதனை வெளியிட்டனர். மரக்கறி உணவையே பெரிதும் உண்போர் உணவோடு தேநீர் பருகினால் இரத்தக் குறைவுக்கு இடமாகலாம் என்பது அவர்கள் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை நம் வீட்டுக்கே எழுதியது போலன்றோ இருக்கின்றது!

இதற்கு நேர்மாறாக, வைட்டமின் 'சி' அந்த இரும்பை உடல் ஏற்கும் வடிவில் நிறுத்தி உதவுகின்றது. ஆனால் அவ்வுதவி, இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருந்தால்தான் கிட்டும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் பச்சிலைச் சாற்றைப் பருகிவிட்டு, நண்பகல் உணவுக்குப்பின் தேநீர் அருந்துபவர், வாயிற்கதவைத் திறந்துவைத்து விருந்தினர் வரும் நேரத்தில் தாழிடுபவரை ஒப்பர். ஆகவே, சாற்றைப் பருகும் நேரம் உணவு நேரமே ஆதல் வேண்டும். இச்சீமையின் ராகி சங்கடியை, நாம் களி என்று வழங்கும் அவ்வுணவை, பருப்பும் கீரையும் கூட்டி உண்ணும்போது அருகே ஒரு குவளை எலுமிச்சைப் பச்சிலைச் சாறு இருக்கட்டும். தேநீரை விட முடியாதவர்கள் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளி வைக்கட்டும்.

மறைக்காமல் ஒன்று சொல்லுதல் வேண்டும். வடித்த சாற்றில் இரும்புச்சத்து மிகுதியாக இராது. புதினாவிலும் துவர்ப்புப் பொருள் சிறிது உண்டு. அதனாலேயே அதற்கு அரைக் கைப்பிடி என்று அளவு வைத்தோம். இச்சாற்றினால் வரும் நன்மையில் பெரும்பங்கு, அது தேநீரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதனால் வருவதே. இரத்தசோகை கண்டவர்கள் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இச்சாற்றை நம்பியிருத்தல் பெரும் பிழை. மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல், எலுமிச்சை நீரோடு விழுங்குவது நலம். அரசு மருத்துவமனையில் இரத்தச் சோதனை செய்துகொள்வதற்கு நம் சகோதரிகள் நாணவோ அஞ்சவோ வேண்டுவதில்லை.

இந்த இடத்தில் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நினைத்துக்கொள்ளலாம். 1918இல் தமிழ்நாட்டின் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்பவரால் சிறு ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கப்பெற்று, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது அது. நம்மைப் போலவே தெற்கே பிறந்து தெலுங்கு நாட்டில் வேர்விட்ட அந்நிறுவனம் கூறுவதும், பழத்தைச் சாறாக்குவதினும் பழமாகவே உண்பது மேல் என்பதே. நாம் கூறும் பானமும் பழத்துக்கும் கீரைப் பொரியலுக்கும் பதிலாகாது. அவற்றோடு சேர்ந்து நிற்பது.

இனிப்பின் அளவு

கடைப் புட்டிகளில் 100 மில்லிலிட்டருக்குப் பத்துக் கிராம் அளவில் சர்க்கரை இருப்பது வழக்கம். 250 மில்லிப் புட்டி ஒன்றைக் குழந்தை குடித்தால் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே செல்லுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிவுரைப்படி, வளர்ந்த ஒருவருக்கே நாள் முழுவதற்கும் இத்தகைய சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், இருப்பது நல்லது. நம் பானத்தில் ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி வெல்லமே சேருகின்றது. படிப்படியாக அதனையும் அரையாக்கலாம். சில வாரங்களில் நாவு பழகிவிடும். வெல்லம் சர்க்கரையன்று என்று எண்ணி நீரிழிவு உடையவர் ஏமாறுதல் கூடாது. இரத்தத்தில் அது செய்வதும் சர்க்கரையின் வேலையே.

யாருக்கு ஆகாது?

சிறுநீரக நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்தப் பச்சிலைச் சாற்றையும் நாள்தோறும் பருகுதல் கூடாது. பசலை முதலிய சில கீரைகளில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அவற்றைப் பச்சையாக அரைத்து அளவின்றிப் பருகிச் சிறுநீரகம் பழுதுற்றோரைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியுள்ளன. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர்க்கும் எச்சரிக்கை வேண்டும்; பச்சிலைகளிலுள்ள வைட்டமின் 'கே' சிலவகை மருந்துகளின் வேகத்தைக் குறைக்கும். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளோர் எலுமிச்சையைக் குறைத்துக்கொள்க. இரத்தக்கொதிப்பு உடையவர் உப்பை விலக்குக. எல்லோரும் பருகியபின் வாய் கொப்பளிப்பது பல்லுக்குக் காவல்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் இச்சாறு மருந்தன்று. கடையிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுக. வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்து, உடல் அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால், எந்தப் பானத்தையும் வாயில் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறி, 108க்குச் சொல்லி மருத்துவமனை சேர்ப்பதே செய்யத்தக்கது.

விலை ஏறும் காலத்தில்

எலுமிச்சை எப்பொழுதும் மலிவாகவே இருக்கும் என்பதற்கில்லை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி வெள்ளக்காடானதை நாம் மறக்கவில்லை. அம்மழை நெல்லூர்ப் பகுதித் தோப்புகளையும் வருத்தியது. அடுத்து வந்த 2022 ஏப்ரலில் ஒரு பழம் 10 ரூபாய்க்கும் மேல் விற்றது. கோடையில் பழுக்க வேண்டிய காய்க்கு மழைக்கால முடிவிலேயே பூ எடுத்தாக வேண்டும். அப்போது பூ உதிர்ந்தால் வேனிலில் பழமில்லை. தேவை மிகும் மாதத்தில் வரவு குறைவதனால் விலை பறக்கின்றது.

ஆதலின் மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் சாறு பிழிந்து, விதை நீக்கி, பனிக்கட்டித் தட்டில் உறையவைத்துக்கொள்வது இல்லறச் சிக்கனம். குளிர்பதனப் பெட்டி இல்லாதோர் பழங்களை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் சில நாள்கள் வாடாமலிருக்கும். பழம் கைக்கு எட்டாத வாரங்களில் பச்சை மாங்காயைத் துருவிப் பச்சிலையோடு அரைத்துப் புளிப்பேற்றலாம். வீட்டு வாயிலில் தொட்டி வைக்க இடமுள்ளோர், சந்தையில் வாங்கிய புதினாத் தண்டை நட்டால் மூன்று வாரத்தில் தழைத்துவிடும். தனியாவை இரண்டாக உடைத்துத் தூவினால் கொத்துமல்லியும் முளைக்கும். கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருந்துவிட்டால் அது நம் பிள்ளைகளின் காலத்துக்கும் நிற்கும்.

நம் வேண்டுகோள்

சங்கத்துக் குடும்பங்கள் அனைத்துக்கும் ஒரு சிறு வேண்டுகோள். இக்கோடையில் ஒரு மாதம் மட்டும் நண்பகல் உணவுக்குப்பின் தேநீரை நிறுத்தி, உணவோடு எலுமிச்சைப் பச்சிலைச் சாறு பருகும் வழக்கத்தைக் கைக்கொண்டு பாருங்கள். அதனை ஆக்கும் பொறுப்பை இல்லத்தரசியின் தலையிலேயே சுமத்துதல் வேண்டா. இலை ஆய்வது ஆடவர்க்கும், பழம் உருட்டுவது குழந்தைகளுக்கும் கைவராத கலை அன்று. முதற் குவளையை, வழக்கமாகக் கடைசியில் உண்பவளுக்குக் கொடுங்கள். அவளையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள். பொருள் தேடி ஊர் விட்டு வந்தோம். இங்கே நம் குடும்பத்தைத் தாங்கி நிற்பவளின் உடலில் இரத்தம் குறையாமல் காப்பதும் அத்தேட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.